பொறந்த வீட்டுச் சீரும் ஒரு வெஸ்டர்ன் கோப்பையும்

அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை ரொம்பச் சாதாரணம். ஒரு கக்கூஸ் கோப்பையை விருத்தாசலத்துல பஸ் ஏத்தி, வேப்பூர்ல எறக்கி, அத்தை வீட்டுக் கொல்லப்பக்கமா உள்ள கொண்டுபோய் வச்சிட்டு, பொழுது சாயறதுக்குள்ள வீடு திரும்பணும்.

அவ்ளோதான்.

சிரிக்காதீங்க. என் எதிர்காலமே அந்தக் கோப்பை மேலதான் உக்காந்திருந்துச்சு.

நான் அப்பதான் செராமிக் டிப்ளமா முடிச்சிருந்தேன். ஓசூர்ல ஒரு டைல்ஸ் கம்பெனியில வேலை கிடைச்சிருந்துச்சு. எங்கப்பா ஊர்லயே ஒரு பீங்கான் கம்பெனியில சூளை பாக்குறவரு. படிக்க வச்சதும் அவருதான், "நம்ம தொழில்லயே நீ இஞ்சினியரா வரணும்"னு சொன்னதும் அவருதான். வேலை வந்ததும் "ஓசூரா? தனியாவா?"ன்னு கேட்டதும் அவருதான்.

எங்க ஊர்ல ஒரு கணக்கு எனக்குக் கடைசி வரைக்கும் புரியல. பதிமூணு வயசுல மைக் செட்டு கட்டி, மேளம் கொட்டி, நான் பெரிய மனுஷி ஆயிட்டேன்னு தெருவுக்கே சொன்னாங்க. அதுக்கப்புறம் இருபத்தோரு வயசு வரைக்கும் பஸ் ஏறணும்னா தம்பி துணைக்கு வரணும். தம்பி அஞ்சாவது படிக்கிறான். ஜன்னல் சீட்டு கிடைக்கலன்னா அழுவான்.

நாலு நாள் சண்டை போட்ட பிறகு அப்பா எறங்கி வந்தாரு.

"ஒரு காரியம் குடுக்குறேன் கலை. தனியா போ. முழுசா முடிச்சிட்டு வா. அப்புறம் ஓசூரப் பத்திப் பேசலாம்."

நான் என்னமோ பேங்க்குக்கு அனுப்புவாருன்னு நினைச்சேன். அவரு கோப்பையைக் காட்டுனாரு.

விஷயம் இதுதான். வேப்பூர்ல எங்க அத்தை, அதாவது அப்பாவோட தங்கச்சி, புது வீடு கட்டியிருந்தாங்க. மறுநாள் விடியக்காலையில கிரகப்பிரவேசம். பொறந்த வீட்டுச் சீரா என்ன வேணும்னு அப்பா கேட்டிருக்காரு. அத்தை யோசிக்கவே இல்லையாம்.

"அண்ணே, அண்டா குண்டாவ வச்சிக்கிட்டு நான் என்னா பண்ணப் போறேன்? ஒம் மச்சானுக்கு முட்டி வலி. கீழ ஒக்காந்தா எந்திரிக்க முடியல. சத்தம் போட்டு என்னையத்தான் கூப்புடுறாரு. வெஸ்டர்ன் கோப்பை ஒண்ணு குடு. புண்ணியமாப் போவும்."

அப்பா கோப்பைக்கு ஒத்துக்கிட்டாரு. ஆனா அதைச் சீர்னு சொல்ல அவருக்கு மனசு வரல. மறுநாள் காலையில குத்துவிளக்கு, பட்டுப்புடவையோட அவரும் அம்மாவும் கௌரவமா வருவாங்க. கோப்பை மட்டும் முந்தின நாளே ரகசியமாப் போயிடணும். சாயங்காலமே கொத்தனார் அதைப் பதிச்சிடுவாரு. அப்புறம் அது யார் குடுத்ததுன்னு யாரு கேக்கப்போறா?

சூளை எரிஞ்சிக்கிட்டு இருந்ததால அப்பாவால நகர முடியல. டெம்போ வச்சா ஊருக்கே தெரிஞ்சிடும்.

"ரெண்டே விஷயம் கலை. கோப்பை ஒடையக் கூடாது. யாரு கண்ணுலயும் படக் கூடாது. முக்கியமா அந்த ஸ்ரீமுஷ்ணத்து அம்மா கண்ணுல."

ஸ்ரீமுஷ்ணத்து அம்மான்னா எங்க மாமாவோட அக்கா. அத்தைக்கு நாத்தனார். முறைக்கு எனக்குப் பெரியம்மா. நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது பாத்தது, முகம்கூட ஞாபகம் இல்ல. ஆனா அவங்க சொன்ன ஒரு வாக்கியம் எங்க வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம். அத்தை கல்யாணத்துக்கு எங்க வீட்டுலேர்ந்து ஜோடியா போன ரெண்டு குத்துவிளக்குல ஒண்ணு அரை இஞ்சு குட்டையாம். இருபது வருஷமா சொல்லிக்கிட்டு இருக்காங்க.

அப்பேர்ப்பட்டவங்க கண்ணுல கோப்பை பட்டா!

அப்பாவே வைக்கோல் வச்சு, சாக்கு சுத்தி, கோணி ஊசியால தைச்சு மூட்டை கட்டுனாரு. உள்ள என்ன இருக்குன்னே தெரியாத மாதிரி மூட்டை கச்சிதமா இருந்துச்சு. அதோட விட்டிருக்கலாம். உள்ளேர்ந்து அம்மா மஞ்சள் கிண்ணத்தோட வந்தாங்க.

"அம்மா, என்னாம்மா பண்ற?"

"நாத்தனாருக்குப் போற பொருளு. மொட்டையாவா அனுப்புறது?"

"அம்மா, அது கோப்பை!"

"இருக்கட்டுமே. காபி கப்பும் அதே சூளையிலதானே வேவுது?"

பீங்கான் சூளைய வச்சே பொழைக்கிற எங்க ஊர்க்காரங்ககிட்ட இந்த விஷயத்துல வாதாட முடியாது. சாக்கு மேல பளிச்சுன்னு மஞ்சள், நடுவுல குங்குமம். ரகசியமாப் போக வேண்டிய மூட்டை "நான் சீரு, நான் சீரு"ன்னு கூவுற மாதிரி ஆயிடுச்சு.

அப்பாவோட வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர் டிவிஎஸ் ஃபிஃப்டியில மூட்டையையும் என்னையும் பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டாரு. கண்டக்டர் மூட்டையைத் தூக்கிப் பாத்துட்டு, "என்னா பாப்பா, ஒரலா?"ன்னாரு. முன் படிக்குப் பக்கத்து சீட்டுக்கிட்ட வச்சாரு. நான் அதை ரெண்டு காலாலயும் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன். தம்பி இல்லாத முதல் பஸ் பயணம். ஜன்னல் சீட்டு எனக்கே எனக்கு. பெருமையாத்தான் இருந்துச்சு.

பஸ் கிளம்புற நேரத்துல ஒரு அம்மா ஏறுனாங்க. ஒவ்வொரு படிக்கும் முட்டியப் புடிச்சு "யப்பா… யம்மா…"ன்னு முனகிக்கிட்டே ஏறி, என் பக்கத்துல பொத்துன்னு உக்காந்தாங்க. காதுல கல்லுத்தோடு, கையில கூடை. குங்குமத்தைப் பாத்தாங்க.

"சீரா பாப்பா?"

யாருகிட்டயும் பேசக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தேன். ஆனா பெரியவங்க கேக்கும்போது எப்படிப் பேசாம இருக்கிறது?

"ஆமாங்க."

"என்னா பொருளு?"

"பீங்கானுங்க."

"ஊறுகா ஜாடியா?"

விடை அவங்களே குடுத்துட்டாங்க. நான் பிடிச்சுக்கிட்டேன். "ஆமாங்க, ஜாடிதான்."

"இவ்ளோ பெருசாவா? ஊருக்கே ஊறுகா போடலாம்போல இருக்குதே!"

"பெரிய குடும்பங்க."

எவ்வளவு சாமர்த்தியமா சமாளிச்சேன்னு எனக்கு என்மேலயே ஒரு மரியாதை வந்துச்சு. ஓசூர்ல என்னைத் தனியா விட்டாலும் பொழச்சுக்குவேன்னு தோணுச்சு.

ரோடுதான் சரியில்ல. பஸ் ஒவ்வொரு பள்ளத்துல எறங்கும்போதும் கோப்பை போச்சோன்னு இருக்கும். உடனே குனிஞ்சு, மூட்டையை விரல் முட்டியால ரெண்டு தட்டு தட்டி, காதை வச்சுக் கேப்பேன். பீங்கான்ல விரிசல் இருந்தா சத்தம் செத்துப் போயிருக்கும். நல்லா இருந்தா வைக்கோலுக்குள்ளேர்ந்துகூட ணங்குன்னு கேக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ரெண்டு தட்டு. ணங். அப்பாடா.

அந்தம்மா அதைப் பாத்துக்கிட்டே வந்தாங்க.

"எந்த ஊருக்குப் போற?"

"வேப்பூருங்க."

"நானும் வேப்பூருதான். எந் தம்பி வூடு கட்டியிருக்கான். நாளைக்குப் பால் காய்ச்சுறாங்க."

"அப்புடிங்களா? நல்லதுங்க."

வேப்பூர் என்ன சின்ன ஊரா? எத்தனையோ பேர் வீடு கட்டுவாங்க. நான் பாட்டுக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

"அவன் மாமியா வூட்டுலேர்ந்து நாளைக்கு என்னா சீரு கொண்டாராங்களோ தெரியல. கல்யாணத்துக்கு ரெண்டு குத்துவெளக்கு குடுத்தாங்க பாரு."

நான் ஜன்னல்லேர்ந்து சட்டுன்னு திரும்புனேன்.

"ஒண்ணு குட்டை" அப்படின்னாங்க. "அரை இஞ்சு."

அந்த நேரம் பாத்து பஸ் ஒரு பள்ளத்துல எறங்குச்சு. பயத்துல, பழக்க தோஷத்துல, என் கை தானாப் போயி மூட்டையை ரெண்டு தட்டு தட்டுச்சு. காது தானாக் குனிஞ்சுச்சு.

அந்தம்மா கண்ணைச் சுருக்கிக்கிட்டு என்னைப் பாத்தாங்க.

"இதேதான். எந் தம்பி மச்சானும் இப்புடித்தான். டீ குடிக்கக் குடுத்தா கப்ப ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் குடிப்பாரு. நீ விருத்தாசலத்தாரு பொண்ணா?"

இல்லன்னு சொல்லியிருக்கணும். வாய் வரல. தலை மட்டும் ஆமான்னு ஆடுச்சு.

"அடி ஆத்தி! நான் ஒனக்குப் பெரிம்மா! எவ்ளோ வளந்துட்ட! ஒங்கப்பன் வரல?"

"நாளைக்கு வராருங்க பெரிம்மா. நான் சும்மா… இந்த ஜாடிய…"

"சீர ஒன்கிட்ட குடுத்துத் தனியா அனுப்பிட்டாரா?" மூட்டையை மேலயும் கீழயும் பாத்தாங்க. "ஒரே ஒரு ஜாடி. ம்."

அந்த "ம்"முக்குள்ள அடுத்த இருபது வருஷத்துக்கான சரக்கு இருந்துச்சு.

வேப்பூர்ல எறங்கினோம். அத்தை வீட்டுத் தெரு முனை வரைக்கும் ஆட்டோ. நான் கடைசி முயற்சியா, "பெரிம்மா, நீங்க வாசப் பக்கமாப் போங்க. நான் இத அப்புடியே கொல்லப்பக்கமா கொண்டுபோயி வச்சிடுறேன்"னேன்.

அவங்களுக்குக் கோவம் வந்துடுச்சு.

"பொறந்த வூட்டு சீரு கொல்லப்பக்கமா வரதா? எந் தம்பி வூட்ட என்னான்னு நெனச்ச? நாளைக்கு சனங்க, நாங்க சீரு வாங்கவே மொறை தெரியாதவங்கன்னு சொல்லவா? இங்கியே நில்லு. எறக்காத."

நின்னேன். பெரியம்மா தெருவுக்குள்ள போனாங்க. முட்டி வலி எங்க போச்சுன்னே தெரியல.

மறுநாளுக்குச் சொல்லி வச்சிருந்த மேளக்காரங்க முந்தின நாளே வந்து பந்தல்ல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்தாங்க. அவங்களை எழுப்பி விட்டாங்க. சொந்தக்காரப் பொம்பளைங்க பத்துப் பேரு தலையை வாரிக்கிட்டே ஓடி வந்தாங்க. மூட்டை கனம்னு தெரிஞ்சதும், பதிக்கிறதுக்காக மத்தியானத்துலேர்ந்து காத்துக்கிட்டு இருந்த கொத்தனாரையும் அவரு ஆளையும் பலகையோட வரச் சொன்னாங்க.

கொத்தனார் மூட்டையைப் பலகையில வச்சாரு. என்னைப் பாத்தாரு.

"பாப்பா, இது நான் பதிக்க வேண்டியதுதானே?"

"சத்தம் போடாதீங்கண்ணே. ஜாடி."

அவரு அடியில கைய விட்டுத் தடவிப் பாத்தாரு. "ஓட்டை இருக்குதே."

"புது மாடலுண்ணே."

அதுக்கப்புறம் அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசல. இன்னைக்கும் அவருமேல எனக்கு மரியாதை உண்டு.

பெரியம்மா எங்கேர்ந்தோ ஒரு தாம்பாளத்துல வெத்தலை, பாக்கு, வாழைப்பழம் வச்சுக் கொண்டாந்து என் கையில குடுத்தாங்க.

"நீ முன்னாடி நட."

"நானா பெரிம்மா? நான் சின்னப் பொண்ணு…"

"ஒங்கப்பன் இல்லன்னா நீதான் பொறந்த வூடு. நட."

உண்மையைச் சொல்றேன், தாம்பாளத்தை நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டேன். அந்த வயசு வரைக்கும் என்னை யாரும் ஒரு ஆளா எண்ணினதில்ல. எங்க வீட்டுல என்னைத் தெரு முனைக் கடைக்கு அனுப்பவே யோசிப்பாங்க. இங்க ஒருத்தங்க ஒரு குடும்பத்தையே தூக்கி என் கையில குடுத்து நடன்னு சொல்றாங்க. நிமிர்ந்து நடந்தேன். சந்தோஷமா இருந்துச்சு.

அப்புறம் பின்னாடி என்ன வருதுன்னு ஞாபகம் வந்துச்சு.

தெரு முழுக்க வாசல்ல நின்னு பாத்துச்சு. முன்னாடி மேளம், நடுவுல நான், எனக்குப் பின்னாடி பலகை மேல ஆடி அசைஞ்சு கோப்பை. பிப்பீ டும் டும்.

வாசல்ல அத்தை ஆரத்தித் தட்டோட நின்னாங்க. மேளச் சத்தம் கேட்டு, அண்ணன்தான் ஒரு நாள் முன்னாடியே வந்துட்டாருன்னு நினைச்சு, சந்தோஷமா ஓடி வந்திருக்காங்க. மூட்டையைப் பாத்ததும் சிரிப்பு அப்படியே நின்னுச்சு. கை பாட்டுக்கு ஆரத்தியைச் சுத்துது. வாய் மட்டும் என் காதுகிட்ட.

"அடியே, கொல்லப்பக்கமா வான்னு தானடி சொல்லி வுட்டேன்?"

"வரத்தான் பாத்தேன் அத்தை. பெரிம்மா வுடல."

கூடத்துல பாய் விரிச்சு நடுவுல எறக்குனாங்க. பொம்பளைங்க சுத்தி உக்காந்தாங்க, ஆம்பளைங்க சுவரோரமா நின்னாங்க. அடுத்து என்னன்னு எனக்குத் தெரியும். சீர்னா பிரிச்சு வைக்கணும். யார் என்ன குடுத்தான்னு சனங்க பாக்கணும். அதுதான் எங்க பக்கத்து வழக்கம்.

"நாளைக்கு அப்பா வந்ததும் பிரிக்கலாமே பெரிம்மா. காத்துப் படக் கூடாது."

"ஜாடிக்கு ஏண்டி காத்துப் படக் கூடாது?"

செராமிக் டிப்ளமாவுல அதுக்குப் பதில் சொல்லிக் குடுக்கல.

பெரியம்மா அருவாமனையை எடுத்துத் தையலை அறுத்தாங்க. வைக்கோலை ஒதுக்குனாங்க. வெள்ளையா, வழவழன்னு ஒரு விளிம்பு தெரிஞ்சுச்சு.

"வாய் பெருசா இருக்குது" அப்படின்னு ஒருத்தங்க சொன்னாங்க.

"முழு மாங்கா போடலாம்" அப்படின்னாங்க இன்னொருத்தங்க.

இன்னும் கொஞ்சம் வைக்கோல் விலகுச்சு.

அதுக்கப்புறம் யாரும் மாங்காயைப் பத்திப் பேசல.

வெளியில மேளம் மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நாயனக்காரர் வாசிச்சுக்கிட்டே எட்டிப் பாத்தாரு. பாதியில நிறுத்திட்டாரு.

அத்தை ஃபேனைப் பாத்தாங்க. கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் குடுக்கல. இருந்தாலும் ஃபேனையே பாத்தாங்க.

பெரியம்மா என் பக்கம் திரும்புனாங்க. "இது ஜாடியா?"

கம்பெனியில மூட்டை மாத்திக் கட்டிட்டாங்கன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அப்பா அந்தக் கோப்பையைத் தேர்ந்தெடுத்தப்ப நான் பக்கத்துல நின்னேன். பத்துக் கோப்பையைத் தட்டித் தட்டிப் பாத்தாரு. "தங்கச்சிக்குக் கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ் குடுக்க மாட்டேன்"னாரு. அதைப் போயி மாறி வந்த மூட்டைன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

"இல்ல பெரிம்மா. கோப்பை. மாமாவுக்கு முட்டி வலின்னு அத்தை கேட்டாங்க. எங்கப்பா நல்லதாப் பாத்து, ஃபர்ஸ்ட் குவாலிட்டியா எடுத்துக் குடுத்தாரு. சீருதான் இது. பொய் சொன்னது மட்டும்தான் என் தப்பு."

சொல்லிட்டு ஓரமா ஒதுங்கி நின்னேன்.

சுவரைப் புடிச்சுக்கிட்டு மாமா வந்தாரு. நேரா கோப்பைகிட்ட போனாரு. வேட்டியை ஒழுங்கா இழுத்து விட்டுக்கிட்டு, அத்தனை பேரு முன்னாடியும், நடுக் கூடத்துல, வைக்கோலுக்கு மத்தியில, அது மேல உக்காந்தாரு.

கொஞ்ச நேரம் உக்காந்தே இருந்தாரு. அப்புறம் எந்திரிச்சாரு. சுவரைப் புடிக்கல, யாரையும் கூப்பிடல.

"தோ பாத்தியாக்கா? எந்திரிச்சிட்டேன்! யாரும் தூக்கல!"

இன்னொரு தடவை உக்காந்து காட்டுனாரு. மறுபடி எந்திரிச்சாரு. முகமெல்லாம் சிரிப்பு.

பெரியம்மா அவரையே பாத்தாங்க. அப்புறம் அவங்க முட்டியைப் பாத்துக்கிட்டாங்க.

"தள்ளுடா."

தம்பியை ஒதுக்கிட்டு அவங்க உக்காந்தாங்க. கண்ணை மூடுனாங்க. ஒட்டுமொத்த குடும்பமும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. இருபது வருஷக் கதை அந்த இடத்துல தீர்ப்புக்கு வந்திருந்துச்சு.

கண்ணைத் தொறந்து சொன்னாங்க.

"குட்டை இல்ல. ஒசரம் சரியா இருக்குது."

அவ்ளோதான். அதுக்கப்புறம் வயசானவங்க வரிசையில நின்னாங்க. ஒவ்வொருத்தரும் உக்காந்து, எந்திரிச்சு, ரெண்டு தட்டு தட்டிப் பாத்தாங்க. கொத்தனார் மட்டும் சிமென்ட்டு காயுதுன்னு கத்திக்கிட்டு இருந்தாரு. பெரியம்மா என்னைச் சாப்பிடாம விடல. "பொறந்த வூடு வெறும் வயித்தோட போவுமா?"ன்னு சொல்லி ராத்திரி அங்கேயே தங்க வச்சுட்டாங்க.

எஸ்டிடி பூத்துலேர்ந்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, கோப்பை வந்து சேந்துடுச்சு. ஒடையல. நான் காலையில வரேன்."

"யாரும் பாக்கலையே?"

"யாரும்னா… எத்தன பேரு வரைக்கும் பரவால்லப்பா?"

அப்பா போனை வச்சுட்டாரு.

மறுநாள் விடியறதுக்குள்ள அப்பாவும் அம்மாவும் வந்தாங்க. குத்துவிளக்கு ரெண்டையும் அப்பா ஸ்கேல் வச்சு அளந்து வாங்கியிருந்தாரு. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. எறங்குனதுலேர்ந்து எல்லாரும் அவரை ஓரமாக் கூட்டிட்டுப்போயி, "மச்சான், எங்க வூட்டுக்கு ஒண்ணு கெடைக்குமா?"ன்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. பெரியம்மா அப்பா கையைப் புடிச்சுக்கிட்டே சொன்னாங்க: "எனக்கு ஒண்ணு வேணும். ஒம் பொண்ணுகிட்டயே குடுத்தனுப்பு. அவதான் பொறுப்பாக் கொண்டாருவா. நான் மேளம் சொல்லி வெக்கிறேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸுல அம்மா முன் சீட்டுல, நானும் அப்பாவும் பின்னாடி. எனக்கு உள்ளுக்குள்ள அழுகையா வந்துச்சு. ரகசியமாப் போகணும்னாரு, ஊரே பாத்துடுச்சு. பொழுது சாயறதுக்குள்ள வரணும்னாரு, மறுநாள்தான் வரேன். ஓசூர் அவ்ளோதான்னு நினைச்சுக்கிட்டேன்.

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னேன்."

"ஆமாப்பா."

"மேளம் வச்சிருக்க."

"நான் வெக்கலப்பா."

அப்பா தொண்டையைச் செருமுனாரு.

"எல்லார் முன்னாடியும் கோப்பைதான்னு சொன்னியாமே. சீருதான்னு."

"ஆமாப்பா."

"ஒங்கத்தை அழுதுகிட்டே சொன்னா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. "எனக்கே அத சொல்றதுக்கு வாய் வரல."

அப்பா மறுபடி என் பக்கம் திரும்புனாரு.

"அந்த ஓசூரு இங்கேர்ந்து எவ்ளோ தூரம்?"

"பஸ்ஸுல ஒரு ராத்திரிப்பா."

அப்பா மீசைக்குள்ள சிரிச்சாரு.

"இன்னும் தூரமா எதுவும் இல்லையா?"

அடுத்த மாசம் வேலையில சேந்தேன். பஸ் ஏத்தி விட அப்பா மட்டும் வந்தாரு, தம்பி வரல.

என் வாழ்க்கையில ரெண்டு தடவை மேளம் கொட்டியிருக்காங்க. முதல் தடவை கொட்டி என்னை வீட்டுக்குள்ள உக்கார வச்சாங்க, ரெண்டாவது தடவை கொட்டி வெளியில விட்டாங்க. ஆனா அந்த ரெண்டாவது மேளம் கோப்பைக்குக் கொட்டினது.